முதலில் நுழைந்தவர் பெயருக்கு

அன்று காலை எழுந்தபோது அண்ணி எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதை நினைத்தால்தான் நமக்கு வயிறு எரிகிறது.

போன வாரம் அவளை எந்த நிலையில் விட்டோம்? மாடியில் மாமனார் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில், தையற்கடைப் பெண் மாதக்கணக்காக எழுதிச் சேர்த்த புரோகிராமை யாரோ ஒரு மகராசன் மொத்தமாக அழித்துவிட்டிருந்தான். யார் என்று கேட்டால் வகுப்பே கையை விரித்தது. கண்டுபிடிக்க வழியும் இல்லை. அந்த வகுப்பு நோட்டுக்குப் பூட்டே கிடையாது. யார் வேண்டுமானாலும் யாருடைய நோட்டையும் திறக்கலாம், எழுதலாம், அழிக்கலாம்.

நோட்டு என்றால் கடையில் வாங்கும் நோட்டு அல்ல. இணையத்தில் திறக்கும் பக்கம். மேலே பாடம், அதன் கீழே ஒரு கட்டம். கட்டத்துக்குள் புரோகிராமை எழுதிப் பொத்தானை அழுத்தினால் அடியிலேயே விடை வந்து நிற்கும். தப்பாக எழுதினால் எந்த வரியில் தப்பு என்று பொறுமையாகச் சொல்லும். இதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒற்றை ஆளாக எழுதியவள் அண்ணி. உள்ளே இருக்கும் பாடங்களும் அவள் எழுதியவைதான். அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு மாடிக்கு ஓடி, நாலு வரி எழுதி, விசில் சத்தத்துக்குக் கீழே ஓடிவந்து, இப்படியே மூன்று வருஷம்.

அந்த வகுப்பில் ஆளுக்கொரு பங்கு உண்டு. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டரான மாமனாருக்கு அதட்டல். அண்ணியின் கணவன் பெரியவனுக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் நாற்காலிகளை எண்ணுவதும். கொழுந்தன் சின்னவனுக்கு வாய். வெளி ஆள் யார் வந்தாலும் பேசுவது அவன்தான். வேலை மட்டும் அண்ணிக்கு.

ஊரிலேயே பெரிய கல்லூரி ஒன்று இந்த நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போன் செய்தது. எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் இது வேண்டும், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் இருக்கவேண்டும் என்றார் முதல்வர் அம்மா. இன்னொன்றும் சொன்னார். "இதை எழுதினவங்களே இங்க வந்து எங்க ஆசிரியர்களுக்குச் சொல்லித் தரணும். அவங்களுக்குன்னு தனியா ஓர் இடமே வெச்சிருக்கேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் அதைக் கேட்ட அண்ணி, கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்தாள். தனியாக ஓர் இடம்! குக்கர் விசில் எட்டாத ஓர் இடம்!

ஹெட்மாஸ்டர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "நம்ம வீட்டு பீரோவுக்கே பூட்டு கிடையாது. பாடத்துக்கு எதுக்கும்மா பூட்டு?"

"பூட்டு இருந்திருந்தா அந்தப் பொண்ணு அழுதிருக்க மாட்டா மாமா" என்று சொல்லிவிட்டு அண்ணி வேலையில் இறங்கினாள். வாரம் முழுக்க அதே நினைப்பு. பேர் பதிகிற பக்கம், உள்ளே நுழைகிற பக்கம், பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு ஒரு பக்கம், வெளியேற ஒரு பொத்தான். மாணவர் என்ன செய்யலாம், நிர்வாகி என்ன செய்யலாம் என்று வரையறை. திரையில் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் யார் மனசும் நோகாதபடி பார்த்துப் பார்த்து எழுதினாள்.

முந்தின நாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாருக்குக்கூட உட்கார்ந்து விளக்கினாள்.

"பழைய நோட்டு எதுலயும் பேர் கிடையாது அத்தை. பூட்டு போட்டுட்டா பேரில்லாத நோட்டை யாராலயும் திறக்க முடியாது. அதனால ஓர் ஏற்பாடு செஞ்சிருக்கேன். பூட்டு போட்டதும் யார் முதல்ல பேர் பதிஞ்சு உள்ள போறாங்களோ, எல்லா நோட்டும் அவங்க பேருக்கு வந்துடும். அவங்கதான் நிர்வாகி. நான் முதல்ல போயிட்டு, அப்புறம் அந்தந்தப் பிள்ளைக்கு அதது நோட்டைப் பிரிச்சுக் குடுத்துடுவேன்."

"மொத்தச் சாவியும் உன் இடுப்புலன்னு சொல்லு."

"ஒருநாள் கூத்துதான் அத்தை."

மாமியார் சிரித்துக்கொண்டே காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

மறுநாள் காலை லாகின் தயார். அண்ணி அதை ஓடவிட்டாள். கல்லூரிக்காரர்கள் வர இன்னும் நேரமிருந்தது. பேரை வந்து பதிந்துகொள்ளலாம், வியர்த்த முகத்தோடு எதற்கு என்று குளிக்கப் போனாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டி, மாடியேறினாள்.

அங்கே எல்லாரும் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாம்மா, வா! சின்னவன் கையால ஆரம்பிச்சு வெச்சுட்டோம்."

"எதை மாமா?"

"உன் லாகினைத்தான்!"

இந்த வீட்டுப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். புதிதாக எது வந்தாலும் சின்னவன் கைதான் அதில் முதலில் படவேண்டும். அவன் பிறந்த வாரம்தான் அப்பாவுக்கு ஹெட்மாஸ்டர் உத்தியோகம் வந்தது. அன்றிலிருந்து அவன் கைராசிக்காரன். ஃப்ரிட்ஜ் வந்தபோது கதவை முதலில் திறந்தவன் அவன். பெரியவன் வாங்கிய ஸ்கூட்டரை முதலில் ஓட்டியதும் அவன். குளியலறைக் குழாயை மாற்றியபோதுகூட அவன் வேலையிலிருந்து வரும்வரை வீடே பக்கெட் தண்ணீரில் காலம் தள்ளியது. பெரியவன் கைக்கு ராசி உண்டா இல்லையா என்று யாரும் இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை.

அண்ணி திரையைப் பார்த்தாள். வரவேற்கிறோம் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் சின்னவனின் பெயர், முன்னெழுத்தோடு. அவன் ஒவ்வொரு பாடமாகத் தள்ளிக்கொண்டே போனான். ஒவ்வொன்றின் தலையிலும் 'எழுதியவர்' என்று ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் அதே பெயர். தையற்கடைப் பெண் அழுதுகொண்டே மறுபடி எழுதத் தொடங்கியிருந்த புரோகிராமின் மேலும் அதே பெயர்.

அண்ணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கைராசியும் தன் ஏற்பாடும் இப்படி முட்டிக்கொள்ளும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. இந்த வீட்டில் மூன்று வருஷம் இருந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"தம்பி, அதுல 'நிர்வாகியை மாற்று'ன்னு ஒரு பொத்தான் இருக்கும். என் பேரைப் பதிஞ்சுட்டு அதை அழுத்துங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"அப்புறம் பண்ணிக்கலாம் அண்ணி. கார் சத்தம் கேக்குது பாருங்க."

கார் உண்மையாகவே வந்துவிட்டது. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சர்வரில் அவளே மாற்றலாம்தான். ஆனால் அதற்கு நோட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தவேண்டும். வந்தவர்கள் முன்னால் வெறும் திரையைக் காட்டுவதா? போகட்டும், அவர்கள் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். நல்லவர்களுக்கு எப்போதும் இந்த 'போகட்டும்'தான் வினை.

முதல்வர் அம்மா ஏறிவந்தார். நரைத்த தலை, பேச்சு அளவாக. கூடவே கல்லூரியின் கம்ப்யூட்டர் துறையிலிருந்து தடித்த கண்ணாடி போட்ட ஒருவர். இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சின்னவன் திரைக்கு முன்னால் நின்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

பேச்சில் குறை சொல்ல முடியாது. அண்ணி எப்போதோ சாப்பாட்டு நேரத்தில் சொன்ன வார்த்தைகளையெல்லாம் அவன் வரிசையாக எடுத்துவிட்டான். கண்ணாடிக்காரர் பாடங்களைப் படித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"நல்லா எழுதியிருக்கு. பிள்ளைங்க எங்க தடுமாறுவாங்கன்னு தெரிஞ்ச ஆள் எழுதினது. இதெல்லாம் நீங்களா?"

அண்ணி வாயைத் திறந்தாள். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஆமா சார். மூணு வருஷ உழைப்பு."

அறையில் அந்த வீட்டு ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கும் உண்மை தெரியும். ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். அப்பாடா, மாமா சொல்லப்போகிறார் என்று நினைத்தாள் அண்ணி.

"ஏம்மா, அவங்களுக்குக் குடிக்க ஏதாவது கொண்டாயேன்" என்றார் மாமா.

அவள் கணவனைப் பார்த்தாள். பெரியவன் நல்லவன், அதில் சந்தேகம் வேண்டாம். மனைவிக்குத் தலைவலி என்றால் மாத்திரை வாங்க ஓடுகிறவன். ஆனால் நல்லவனாக இருப்பதற்குச் சில சமயம் வாயையும் திறக்கவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி கீழே போனாள். டீ போட்டாள். சர்க்கரையை மறக்கவில்லை, எண்ணிக்கையும் தப்பவில்லை. உள்ளே கொதித்தது பாத்திரத்தில் கொதித்ததைவிட அதிகம். தட்டை எடுத்துக்கொண்டு திரும்ப மாடியேறும்போது, அப்படியே சர்வரின் வயரைப் பிடுங்கிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நின்றாள். பிடுங்கவில்லை. அது அவள் பெற்ற பிள்ளை மாதிரி. பிள்ளையை அடித்து யார் வாயையும் அடைக்க முடியாது.

எல்லாருக்கும் டீயைக் கொடுத்துவிட்டு, பின்வரிசையில் மாணவர்கள் உட்காரும் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். தன் பெயரைப் பதிந்தாள். உள்ளே நுழைந்தாள்.

வரவேற்கிறோம். நீங்கள் மாணவர்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே மாணவர்தான், அவள் வைத்த விதிதான் அது. முதல் பாடத்தைத் திறந்து, ஒரு வரியைத் திருத்தப் போனாள். திரையில் அமைதியாக ஒரு வாக்கியம் வந்தது.

இதைத் திருத்த உங்களுக்கு அனுமதி இல்லை. சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள்.

புதன்கிழமை உட்கார்ந்து அவளே செதுக்கிய வாக்கியம். 'அனுமதி இல்லை' என்று மொட்டையாக விட்டால் பிள்ளைகள் மனசு நோகுமே என்று இரண்டாவது வரியைச் சேர்த்தவளும் அவளேதான். அதைப் படித்தபோது அவள் முகம் சிவந்தது. இருக்கட்டும், கேட்கச் சொல்லியிருக்கிறதே என்று கையை உயர்த்தினாள்.

"சார், ஒரு சந்தேகம்."

சின்னவன் திடுக்கிட்டான். "அண்ணி, என்ன இது? விளையாடாதீங்க."

"விளையாடல சார். என்னை மாணவர்னுதான் போட்டிருக்கு."

முதல்வர் அம்மா திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். "கேக்கட்டுமே. வகுப்பு எப்படி நடக்கும்னு நாங்களும் பார்த்த மாதிரி இருக்கும்."

"பாஸ்வேர்டைத் தப்பா போட்டாலும், பதியாத பேரைப் போட்டாலும் ஒரே பதில்தான் வருது சார். 'பெயரோ பாஸ்வேர்டோ சரியில்லை'ன்னு. ரெண்டுல எது தப்புன்னு ஏன் சொல்ல மாட்டேங்குது?"

சின்னவன் திரையைப் பார்த்தான். மடித்த சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மடித்தான்.

"அது... சின்னக் குறைதான். அவசரத்துல விட்டுப்போச்சு. அடுத்த வாரம் சரி பண்ணிடுவோம்."

கண்ணாடிக்காரர் டீயைக் கீழே வைத்தார். "சரி பண்ணவா? ஐயோ, வேண்டாம் சார். அப்படித்தான் இருக்கணும். பேர் சரி, பாஸ்வேர்டுதான் தப்புன்னு சொன்னீங்கன்னா, எந்தெந்தப் பேர் உள்ள இருக்குன்னு திருட்டுப்பயலுக்கு நாமளே எடுத்துக்குடுத்த மாதிரி. இதை எழுதினவங்க தெரிஞ்சேதான் எழுதியிருக்காங்க."

"ஆமாமா, தெரிஞ்சுதான்" என்றான் சின்னவன், அவசரமாக.

"இன்னொரு சந்தேகம் சார்" என்றாள் அண்ணி. "நான் பாஸ்வேர்டை மறந்துட்டா, நீங்க உள்ள பார்த்து என்னன்னு சொல்லிடுவீங்களா?"

"கண்டிப்பா! எப்ப வேணாலும் கேளுங்க. எல்லாம் என் கையிலதான இருக்கு."

யாருடைய பாஸ்வேர்டையும் யாரும் படிக்க முடியாதபடி, எழுதிய அவளே நினைத்தாலும் படிக்க முடியாதபடி, அதை உருத்தெரியாமல் அரைத்துத்தான் அண்ணி சேமித்திருந்தாள். அதற்கே ஒரு நாள் முழுக்கப் போனது. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல்வர் அம்மாவின் புன்னகை மறைந்தது. அவர் சின்னவனை விட்டுவிட்டு, ஜன்னலோரம் நின்ற பெரியவனிடம் திரும்பினார்.

"நீங்க அமைதியா இருக்கீங்க. நீங்க சொல்லுங்க தம்பி. இதை எழுதினது யாரு?"

அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒரே ஒரு வார்த்தை. கையை நீட்டிக் காட்டினால்கூடப் போதும்.

பெரியவன் அப்பாவைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தபோது கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"குடும்பமா சேர்ந்து செஞ்சதுதான் மேடம்."

"சரியா சொன்னான்!" என்று ஹெட்மாஸ்டர் தொடையைத் தட்டினார். "ஒரே குடும்பம். யார் பேர் இருந்தா என்ன?"

யார் பேர் இருந்தால் என்னவாம்! அப்படியென்றால் அண்ணியின் பேர் இருந்தால் மட்டும் என்ன கெட்டுப்போகும்? இந்தக் கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை, நாமாவது கேட்டுவைப்போம்.

அண்ணி எழுந்தாள். திரையின் மூலையில் 'வெளியேறு' என்ற பொத்தான் இருந்தது. அதை அழுத்தினாள். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளினாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?" என்றார் மாமனார்.

"வகுப்பு முடிஞ்சுது மாமா. மாணவி வீட்டுக்குப் போறேன்."

படியிறங்கினாள். பின்னால் பெரியவன் ஏதோ கூப்பிட்டான், காலடிச் சத்தம் மட்டும் வரவில்லை. கைப்பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள். எந்த வீட்டுக்கு, எத்தனை நாளைக்கு என்றெல்லாம் அவள் யோசிக்கவே இல்லை. கண்ணில் நீர் முட்டியது, அது விழுவதற்குள் தெருவுக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் அவசரம்.

மாமியார் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். முட்டிவலிக்காரி. அவள் மாடியேறி வெகுகாலம் ஆகிறது.

"என்னடிம்மா, முகமெல்லாம் இப்படி இருக்கு? வந்தவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"வந்தவங்க ஒண்ணும் சொல்லல அத்தை. இருக்கிறவங்கதான் ஒண்ணும் சொல்லல." அதற்குமேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். "ராசின்னு அவரை முதல்ல உள்ள விட்டது தெரியாம நடந்தது, அது பரவாயில்ல. தெரியாம வந்த பேரைத் தெரிஞ்சே வெச்சுக்கிட்டாரே, அதுதான் அத்தை தாங்கல."

மாமியார் முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"தெரியாமயா?"

"ஆமா. முதல்ல போறவங்க பேருக்கு எல்லாம் வரும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான சொன்னேன்" என்றாள் மாமியார். அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "நேத்துச் சாப்பிடும்போது கேட்டான், அண்ணி அப்படி என்னதான் பண்றாங்கன்னு. நீ சொன்னதை அப்படியே சொன்னேன், மொத்தச் சாவியும் அவ இடுப்புலதான்டான்னு. உடனே எந்திரிச்சுப் போய் அப்பாகிட்ட என்னமோ பேசினான். காலைல நீ குளிக்கப் போனதும் அவனேதான் ஆரம்பிச்சான். 'அப்பா, நம்ம வழக்கம் ஒண்ணு இருக்கே, என் கையால தொடங்க வேண்டாமா'ன்னு. படிக்கட்டுக்குக் கீழ கேட்டுக்கிட்டே நின்னேன். பெருமையா வேற இருந்துச்சு எனக்கு."

அண்ணிக்குக் கண்ணீர் வந்த வழியே திரும்பிவிட்டது. செருப்பைக் கழற்றினாள். கைப்பையைச் சுவரோரம் வைத்தாள். மாடியில் சின்னவன் எதற்கோ பெரிதாகச் சிரிப்பது கேட்டது. விருந்தாளிகள் இன்னும் கிளம்பவில்லை.

அவள் முதல் படியில் கால் வைப்பதற்குள் மாமியார் குறுக்கே வந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். வலித்த முட்டியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, கஷ்டப்பட்டு ஒரு படி ஏறினாள்.

"அத்தை, உங்களுக்கு எதுக்கு?"

"நீ பின்னால வா" என்றாள் மாமியார், திரும்பிப் பார்க்காமல். "இந்தத் தடவை உள்ள முதல்ல போறது நான்."